வீட்டு ஃப்ரிட்ஜில் பீர் குழாய்: எந்தக் கெக் அடங்கும், எது அடங்காது

தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் முதல் வருஷம் பிராய் அடுப்பு, அதாவது தணலில் கறி சுடும் அடுப்பு, வாங்குவார்கள். அடுத்த வருஷம் வீட்டிலேயே ஒரு டிராஃப்ட் பீர் குழாய் இருந்தால் என்ன என்று தோன்றிவிடும். ஜோஹன்னஸ்பர்க்கில் சாண்டன், மிட்ராண்ட் பக்கம் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள், டர்பனில் உம்லாங்கா பக்கம் குடியேறியவர்கள் என்று இதைக் கேட்காத ஆள் குறைவு. டிராஃப்ட் பீர் அடைத்து வரும் பீப்பாய்க்குக் கெக் என்று பெயர். கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, சின்னக் கெக் எங்கே கிடைக்கும்?"

நான் திருப்பிக் கேட்பது: உன் ஃப்ரிட்ஜுக்குள்ளே எத்தனை சென்டிமீட்டர் இடம் இருக்கு, தம்பி? அதோடு பேச்சு நின்றுவிடும்.

பீரை முடிவு பண்ணி, கெக்கைப் பிடித்து, கடைசியில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பவர்களுக்குத்தான் செலவு இரட்டிப்பாகிறது. இந்த விஷயத்தில் ஃப்ரிட்ஜ்தான் எஜமான். அது எந்தக் கெக்கை உள்ளே விடுகிறதோ அதுதான் உங்கள் கெக். அந்தக் கெக்கின் வாய்க்கு எது பொருந்துமோ அதுதான் உங்கள் கப்ளர், அதாவது கெக்கையும் டியூபையும் இணைக்கும் பாகம். என்ன பீர் என்ற பேச்சு அதற்கு அப்புறம்.

முதலில் இஞ்ச் டேப்

ஃப்ரிட்ஜ் விளம்பரத்தில் 90 லிட்டர், 130 லிட்டர் என்று போட்டிருப்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அந்தக் கணக்கில் கதவுத் தட்டு, ஐஸ் பெட்டி, காய்கறி டப்பா எல்லாம் சேர்த்தி. தட்டுகளைக் கழற்றிவிட்டு நீங்களே அளக்க வேண்டும். உள்ளகலம் ஒன்று. பின்சுவரிலிருந்து மூடிய கதவின் உள்பக்கம் வரை உள்ள ஆழம் ஒன்று. தரையிலிருந்து கூரை வரை உயரம் ஒன்று. நான்காவதாக, பலரும் விட்டுவிடுகிற அளவு: பின்பக்கம் கீழே கம்ப்ரஸருக்காகத் துருத்திக்கொண்டிருக்கும் மேடு.

சின்ன பார் ஃப்ரிட்ஜ் பெரும்பாலானவற்றில் இந்த மேடு உண்டு. மேட்டுக்கு முன்னால் தரையில் எத்தனை சென்டிமீட்டர் மிஞ்சுகிறது என்று பாருங்கள். 25 செ.மீ. இருந்தால் ஒல்லியான கெக் ஒன்று நேராகத் தரையில் நிற்கும். அது இல்லையென்றால் மேட்டின் உயரத்துக்குப் பலகை அடித்துக் கெக்கை மேலே தூக்கி வைக்க வேண்டிவரும், அப்போது உயரம் இடிக்கும். கதவின் உள்பக்கம் பாட்டில் வைக்கிற பிளாஸ்டிக் வார்ப்பும் நாலைந்து சென்டிமீட்டரைத் தின்றுவிடும். சில மாடல்களில் அதை எடுத்துவிட்டுத் தட்டையான பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம்.

ஐஸ் பெட்டி உள்ள பழைய பார் ஃப்ரிட்ஜ் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். அந்த அலுமினியப் பெட்டிதான் குளிர்விக்கும் பாகமே. அதற்குள்ளே கேஸ் குழாய் ஓடுகிறது. வளைத்துக் கீழே தள்ளிவிடலாம் என்று சொல்லித் தர ஆள் இருப்பார்கள். குழாயில் விரிசல் விழுந்தால் ஃப்ரிட்ஜைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும். ஐஸ் பெட்டி இல்லாத மாடலாகப் பார்த்து எடுங்கள்.

அளவு எடுத்த பிறகும் காகிதக் கணக்கை நம்பாமல் ஒரு போலிக் கெக் செய்து பாருங்கள். பழைய அட்டைப் பெட்டியிலிருந்து 22 செ.மீ. விட்டத்தில் இரண்டு வட்டம் வெட்டி, அவற்றைச் சுற்றி 64 செ.மீ. உயரத்துக்கு அட்டையை உருட்டி ஒட்டினால் போதும், 19 லிட்டர் கெக் தயார். அதன் தலையில் 5 செ.மீ. உயரத்துக்கு ஒரு தீப்பெட்டியோ மரத்துண்டோ வையுங்கள். அது டியூப் மாட்டும் இணைப்புகளுக்கான இடம். உள்ளே நிறுத்திக் கதவை மூடுங்கள். மூடியதுபோல் தெரிவது போதாது. கதவு ரப்பருக்கு நடுவே ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் கெக் கதவைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். டர்பன் ஈரக்காற்றில் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் கோத்து, உள்ளே பூஞ்சை பிடித்துவிடும்.

எடையையும் மறக்க வேண்டாம். 19 லிட்டர் கெக் நிறைந்திருந்தால் 23, 24 கிலோ. ஃப்ரிட்ஜின் கண்ணாடித் தட்டு அதைத் தாங்காது, பிளாஸ்டிக் தரையும் நாளடைவில் பிளக்கும். தரையளவுக்கு ஒரு பிளைவுட் வெட்டிப் போட்டுவிடுங்கள்.

கெக் அளவுகள்

இங்கே பப்புகளுக்குப் போகும் கெக் பெரும்பாலும் 50 லிட்டரும் 30 லிட்டரும்தான். ஐரோப்பிய வார்ப்பில் இரண்டுக்கும் அகலம் ஒன்றே, சுமார் 40 செ.மீ. 50 லிட்டர் 53 செ.மீ. உயரம், 30 லிட்டர் 36, 37 செ.மீ. உயரம். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். 30 லிட்டர் சின்னது, எனவே சின்ன ஃப்ரிட்ஜில் போகும் என்று நினைப்பார்கள். உயரத்தில்தான் அது சின்னது, இடுப்பளவு 50 லிட்டர் அண்ணனுடையதே. அந்த வட்டம் நிற்க மேட்டுக்கு முன்னால் 40 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலேயே தரை வேண்டும். சாதாரண பார் ஃப்ரிட்ஜில் அது கிடையாது.

"50 லிட்டர் எடுத்தா லிட்டர் கணக்குல மலிவா வருமே அண்ணா?" வரும். முழுக் கெக் 60 கிலோவுக்கு மேல். தூக்க இரண்டு ஆள், கொண்டுவர ஒரு பக்கி (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்), குடித்து முடிக்க ஒரு கல்யாண வீடு வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டு பேர் குடிப்பவர்கள் என்றால் அது பழசாகித்தான் தீரும்.

வீட்டுக்கு ஏற்றவை ஒல்லியும் உயரமுமானவை. முதல் இடம் கார்னி கெக்குக்கு. அமெரிக்காவில் கோலா பானங்களின் சிரப்பை அடைக்க வந்த எஃகு உருளை இது. கொள்ளளவு 5 அமெரிக்க கேலன், அதாவது 19 லிட்டர். இதில் இரண்டு ஜாதி. பெப்சிக்காரர்கள் பயன்படுத்தியது பால் லாக்: விட்டம் 21.6 செ.மீ., உயரம் 63.5 செ.மீ. அளவில். கோக்கக்கோலாக்காரர்களுடையது பின் லாக்: சற்றுக் குண்டு, சுமார் 23 செ.மீ.; உயரம் 56 முதல் 58 செ.மீ. வரை. உயரம் இடிக்கும் ஃப்ரிட்ஜுக்குப் பின் லாக் கைகொடுக்கும், ஆனால் உதிரிப் பாகங்கள் அதிகம் கிடைப்பது பால் லாக்குக்குத்தான். இரண்டின் இணைப்புகளும் ஒன்றுக்கொன்று சேராது. 9.5 லிட்டர் குட்டி கார்னியும் உண்டு. அகலம் ஏறத்தாழ அதேதான், உயரம்தான் பாதிக்குக் கொஞ்சம் மேல். மேட்டின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது, 20 லிட்டர் ஒல்லிக் கெக். அகலம் 24 செ.மீ.க்குள், உயரம் 56 முதல் 60 செ.மீ. இது பப் கெக்கின் அதே வாய் கொண்டது. அதனால் தலையில் கப்ளர் உட்கார்ந்து இன்னும் 10, 15 செ.மீ. உயரத்தைப் பிடிக்கும். தணிந்த கப்ளர் வாங்கினால் கொஞ்சம் மிச்சம்.

மூன்றாவது, ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் கெக். கீகெக் என்ற வகையில் பிளாஸ்டிக் உருண்டைக்குள் ஒரு பை. பைக்குள் பீர், பைக்கு வெளியே அழுத்தம். மற்றக் கெக்குகளில் பீரைத் தள்ளுவது கார்பன் டை ஆக்ஸைடு கேஸ்; இதில் கேஸ் பீரைத் தொடாததால் வெறும் காற்றையே அடித்தும் ஊற்றலாம். 30 லிட்டர் கீகெக் சுமார் 30 செ.மீ. அகலம், 57 செ.மீ. உயரம். எடை குறைவு, திருப்பிக் கொடுக்கும் வேலையும் இல்லை. அதற்கென்று தனிக் கப்ளர் வேண்டும். காலியானதும் அழுத்தத்தை வெளியேற்றாமல் குப்பையில் போடக் கூடாது.

5 லிட்டர் தகர டப்பாவைச் சூப்பர் மார்க்கெட்டில் பார்த்துவிட்டு அதையே ஃப்ரிட்ஜ் குழாயில் மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஹைனெக்கனின் 5 லிட்டர் டப்பாவுக்கு உள்ளேயே கேஸ் குப்பி இருக்கிறது, குழாயும் அதிலேயே. வெளியிலிருந்து எதையும் மாட்ட வழியில்லை. திறந்த பிறகு 30 நாள் தாங்கும் என்கிறது கம்பெனி. ஒரு சனிக்கிழமைக்கு அருமையான பொருள். அதை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்துவிடுங்கள்.

கணக்குக்குச் சொல்கிறேன்: 19 லிட்டர் என்பது இங்கே குவார்ட் என்று சொல்லும் 750 மில்லி பாட்டிலில் 25. இரண்டு பேர் தினம் ஆளுக்கு ஒரு கிளாஸ் என்றால் ஒரு மாதம் ஓடும். வீட்டுக்கு அதுதான் சரியான அளவு.

வாயைப் பார்த்து வாங்குங்கள்

பப் கெக்கின் தலையில் ஒரே ஒரு வாய்தான். அதற்குள் கேஸ் போகும் வழியும் பீர் வரும் வழியும் ஒன்றாக இருக்கின்றன. அதில் மாட்டுவது கப்ளர். உலகத்தில் முக்கியமாக ஆறு வகை: ஏ, டி, ஜி, எம், எஸ், யூ. ஏ, ஜி, எம் மூன்றும் பக்கவாட்டில் தள்ளி மாட்டுபவை. டி, எஸ், யூ மூன்றும் வைத்துத் திருகுபவை. ஹைனெக்கன் எஸ் வகை, கின்னஸ் யூ வகை, அமெரிக்க பீர்கள் பெரும்பாலும் டி. எஸ்ஸும் டியும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள், ஆனால் எஸ்ஸின் நடு மூக்கு நீளம் அதிகம். ஒன்றின் வாயில் மற்றதை வைத்து அழுத்தினால் ஒன்று பீர் வராது, இல்லையென்றால் ஒழுகும்.

எனவே கப்ளரை இணையத்தில் படம் பார்த்து வாங்காதீர்கள். கெக் தருகிறவரிடம் தலையை மேலிருந்து நேராக ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படத்தைச் சாமான் விற்பவரிடம் காட்டி வாங்கினால் தவறாது.

பப் கெக்கை வீட்டில் கழற்றவே கூடாது. நடுவில் இருக்கும் ஈட்டிபோன்ற குழாயை ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பி எடுக்கிற வீடியோக்கள் ஏராளம். உள்ளே அழுத்தம் மிச்சம் இருந்தால் அது துப்பாக்கிக் குண்டாகக் கிளம்பும். ஆள் செத்திருக்கிறார்கள். கார்னி கெக்கில் இந்தத் தொல்லை இல்லை. மேலே அகலமான மூடி, அதில் அழுத்தம் விடுகிற வால்வு. அழுத்தத்தை விட்டு, மூடியைத் திறந்து, கையை விட்டே கழுவலாம். கார்னியை நான் முதலில் சொன்னதற்கு இதுதான் பெரிய காரணம்.

எங்கே தேடுவது

சௌத் ஆஃப்ரிக்கன் ப்ரூவரீஸ் 1895-இல் தொடங்கிய கம்பெனி. காஸில் லாகர் அவர்களுடையது. 2016-இல் ஏபி இன்பெவ் அதை வாங்கிவிட்டது. டர்பனில் ப்ராஸ்பெக்டன், கேப் டவுனில் நியூலேண்ட்ஸ் என்று ஊர் ஊருக்கு ஆலை. ஆலை வாசலில் போய்ச் சின்னக் கெக் கேட்பதில் பயனில்லை, பெரிய ஆலைகள் பப்புகளுக்கான கணக்கில்தான் ஓடுகின்றன. உங்கள் வட்டாரத்துப் பாட்டில் ஸ்டோரில், அதாவது மதுக்கடையில், கேளுங்கள். விருந்துகளுக்கு டிராஃப்ட் கெக்கும் குளிர்விக்கும் பெட்டியும் வாடகைக்குத் தருகிற கடைகள் உண்டு. அவர்களிடம் இரண்டே கேள்வி: 20 லிட்டர் உண்டா, டெபாசிட் எவ்வளவு.

அடுத்தது சின்ன ஆலைகள். 1983-இல் நைஸ்னாவில் மிட்செல்ஸ் தொடங்கியதிலிருந்து இந்த நாட்டில் சின்ன பீர் ஆலைகளுக்கு ஒரு மரபு இருக்கிறது. டர்பன்காரர்களுக்கு ஷொங்வேனியும் நாட்டிங்ஹாம் ரோடும் கார் தூரம்தான். சின்ன ஆலைகளில் ஒல்லிக் கெக்கோ பிளாஸ்டிக் கெக்கோ இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் சொந்தக் கார்னியை எடுத்துப் போனால் நிரப்பித் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். சுத்தம் பற்றிப் பயந்து மறுப்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வாரநாள் மதியம் போங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

கார்னி கெக்குகளை வீட்டில் பீர் வடிப்பவர்களுக்கான சாமான் கடைகளில் வாங்கலாம். செகண்ட் ஹேண்ட் வேண்டுமானால் ஹவுட்டெங் மாகாணத்தில் வோர்ட் ஹாக் ப்ரூவர்ஸ், கேப் டவுனில் சவுத் ஈஸ்டர்ஸ் என்று வீட்டு வடிப்பாளர் கிளப்கள் இருக்கின்றன. கூட்டத்துக்கு ஒருமுறை போய் வந்தால் யார் வீட்டுக் கராஜில் என்ன சும்மா கிடக்கிறது என்று தெரிந்துவிடும். 2020 மார்ச் 27 முதல் மே கடைசி வரை ஊரடங்கில் மது விற்பனைக்கே தடை இருந்தது. அப்போது அன்னாசிப் பழத்தை ஊறவைத்து பீர் வடிக்காத தெரு இல்லை. அந்த மோகத்தில் இறங்கிப் பிறகு விட்டவர்கள் ஏராளம். விளம்பரப் பக்கங்களில் கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் அவர்களுடைய சாமான்கள் கண்ணில் படும்.

பழைய கார்னியைப் பார்க்கும்போது சொட்டை பெரிய விஷயமில்லை. மூடியின் வாய் வளைந்திருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, மோந்து பாருங்கள். கோலா வாடை வந்தால் பயமில்லை, ரப்பர் வளையங்கள் அத்தனையையும் மாற்றினால் போய்விடும். துருப்புள்ளிகளும் வெல்டில் குழியும் இருந்தால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கேஸ் அடித்து, மூடியிலும், கேஸுக்கு ஒன்று பீருக்கு ஒன்று என்று டியூப் மாட்டும் இரண்டு மூக்குகளிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் வால்வை இழுத்தால் பலமாகச் சீறணும்.

இன்னொன்று. மலிவாக யாராவது கம்பெனி பெயர் பொறித்த எஃகுக் கெக்கை "எடுத்துக்கோங்க" என்றால் எடுக்காதீர்கள். கெக் ஆலைக்குச் சொந்தம், டெபாசிட் என்பது விலை அல்ல. திருட்டுச் சாமான் என்று ஆகிவிடும்.

30 லிட்டர்தான் கிடைக்கிறது என்றால்

பல ஊர்களில் இதுதான் நிலைமை. அதற்கும் வழி உண்டு: 30 லிட்டர் கெக்கை வாங்கி, வீட்டில் கார்னிக்கு மாற்றுவது. 19-உம் 9.5-உம் வைத்திருந்தால் ஏறக்குறைய முழுவதும் அடங்கிவிடும். மிஞ்சும் நாலைந்து கிளாஸுக்கு வழி நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பெரிய கெக்கை ஒரு பெரிய டப்பில் ஐஸ் போட்டு ஒரு நாள் குளிர வையுங்கள். கார்னியைக் கழுவி, கிருமிநீக்கித் திரவத்தால் விளிம்புவரை நிரப்பி, அந்தத் திரவத்தைக் கேஸ் அழுத்தத்தால் வெளியே தள்ளுங்கள். இப்போது கார்னிக்குள் காற்றே இல்லை, கேஸ் மட்டும். பீருக்குக் காற்றுதான் எதிரி. காற்றுப் பட்ட பீர் சில நாளில் நனைந்த அட்டை வாசம் அடிக்கும். பிறகு இரண்டு கெக்கிலும் ஒரே அழுத்தம் இருக்கும்படி வைத்து, பெரிய கெக்கின் பீர் வழியிலிருந்து கார்னியின் பீர் மூக்குக்கு ஒரு டியூபை இணையுங்கள். கேஸ் மூக்குக்கு அல்ல. பீர் மூக்கின் குழாய் அடிவரை போவதால் பீர் அடியிலிருந்து அமைதியாக ஏறும். கடைசியாகக் கார்னியின் வால்வை மெல்லத் திறந்து, சன்னமாகச் சீறும் அளவில் வையுங்கள். பீர் ஓட ஆரம்பிக்கும். வேகம் கூட்டினால் நுரைதான் மிஞ்சும்.

எவ்வளவு நிறைந்தது என்று எஃகுக்குள் தெரியாது. குளியலறை எடை மெஷின் மேல் கார்னியை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். ஆரம்ப எடையைவிடப் பதினெட்டரை கிலோ ஏறியதும் மூடிவிடலாம். கெக்கின் வெளிப்பக்கம் வியர்த்திருக்கும் கோடு எங்கே ஏறுகிறது என்று பார்த்தும் சொல்லலாம். டர்பனில் அந்தக் கோடு நன்றாகத் தெரியும், ஜோஹன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் அவ்வளவாகத் தெரியாது.

கேஸ்

கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் 2 கிலோ போதும். ஆஃப்ராக்ஸ் போன்ற கேஸ் கம்பெனிகளிடம் வாடகைக்கு எடுக்கலாம், சொந்தமாகவும் வாங்கலாம். சிலிண்டரின் மரையும், அதன் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டரின் மரையும் நாட்டுக்கு நாடு மாறும். சென்னையிலிருந்தோ இணையத்திலோ ரெகுலேட்டர் தருவிக்காமல் இரண்டையும் ஒரே கடையில் வாங்குவது புத்திசாலித்தனம். தீயணைப்பு சிலிண்டரைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொல்வார்கள். அதற்குள் அடிவரை போகும் குழாய் இருக்கும், வாயு வர வேண்டிய இடத்தில் திரவம் பாய்ந்து ரெகுலேட்டரைக் கெடுத்துவிடும். அந்தக் குழாய் எடுக்கப்பட்ட சிலிண்டரா என்று தெரியாமல் தொடாதீர்கள்.

சிலிண்டர் மீட்டரைப் பார்த்து எவ்வளவு கேஸ் மிச்சம் என்று சொல்ல முடியாது. உள்ளே இருப்பது திரவம். கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை 20 டிகிரியில் அழுத்தம் 57 பார் அளவிலேயே நிற்கும். ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் 40-க்குக் கீழே இறங்கிவிடும், கேஸ் தீர்ந்தது என்று பதற வேண்டாம். எடை போடுங்கள். வெறும் சிலிண்டரின் எடை அதன் தோளில் பொறித்திருக்கும். 19 லிட்டர் பீரை வெளியே தள்ள ஏறத்தாழ 70 கிராம் கேஸ்தான் செலவு. அதனால் 2 கிலோ ஒரு மாதத்தில் தீர்ந்தால் எங்கோ கசிகிறது.

கசிவு பணத்தோடு போகும் விஷயமில்லை. 2 கிலோ விரிந்தால் ஒரு கன மீட்டருக்கு மேல் வாயு. 3 மீட்டருக்கு 3 மீட்டர் மூடிய அறையில் அது மொத்தமாகப் பரவினால் காற்றில் 4 சதவீதத்தைத் தாண்டும், அந்த அளவே உயிருக்கு ஆபத்து. காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குழந்தைகள் தூங்கும் அறையிலோ ஜன்னல் இல்லாத ஸ்டோரிலோ வைக்காதீர்கள். கராஜ் நல்லது. சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலி போட்டுக் கட்டிவையுங்கள்.

டர்பன் அழுத்தம், ஜோஹன்னஸ்பர்க் அழுத்தம்

வெளிநாட்டு வழிகாட்டிகள் 3, 4 டிகிரிக் குளிரில் அழுத்தத்தை 11, 12 பிஎஸ்ஐ (ரெகுலேட்டர் முள் காட்டும் அழுத்த அலகு) வை என்று சொல்லும். டர்பனில் அது சரி, கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் உயரம். ரெகுலேட்டர் முள் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். வெளிக்காற்றே லேசாக இருக்கும் ஊரில் அதே 12-ஐ வைத்தால் பீருக்குள் நிஜமாக இருக்கும் அழுத்தம் குறைவு. ஒரு வாரத்தில் பீர் சப்பென்று ஆகும். 600 மீட்டருக்கு 1 பிஎஸ்ஐ கூட்டுவது கைக்கணக்கு. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலோ மிட்ராண்டிலோ இருப்பவர்கள் 14, 15-இல் வைக்கலாம்.

அழுத்தத்தைக் கூட்டினால் பீர் வேகமாகப் பாயும், நுரைக்கும். அதைத் தணிக்க டியூப் நீளமாக வேண்டும். 5 மி.மீ. உள்விட்டம் கொண்ட டியூப் என்றால் டர்பனில் 2 மீட்டரிலிருந்து ஆரம்பிக்கலாம். மேட்டு நிலத்தில் 3 மீட்டராக வாங்கி, பீர் சோம்பேறித்தனமாக வந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. மிச்ச டியூபைச் சுருட்டிக் கெக்கின் மேலேயே வையுங்கள், குளிரிலேயே இருக்கட்டும்.

குழாயை எங்கே பொருத்துவது

கதவில். ஃப்ரிட்ஜின் பக்கச் சுவரிலும் சில மாடல்களில் கூரையிலும் கேஸ் குழாய்கள் ஓடும். கதவில் பொதுவாக இருக்காது. சுவரிலோ கூரையிலோதான் ஓட்டை போட வேண்டும் என்றால், சோள மாவைச் சாராயத்தில் குழைத்து மெல்லப் பூசி, ஃப்ரிட்ஜை ஓடவிடுங்கள். உள்ளே சூடான குழாய் ஓடும் இடத்தில் பூச்சு முதலில் காய்ந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். இது இங்குள்ள வடிப்பாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை, வேலை செய்கிறது. ஓட்டை 22 முதல் 25 மி.மீ.; குழாயோடு வரும் தண்டின் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாடகை வீட்டோடு வந்த ஃப்ரிட்ஜ் என்றால் ஓட்டையே வேண்டாம், கெக்கின் மூக்கிலேயே மாட்டும் சின்னக் குழாய் கிடைக்கிறது.

ஊரிலிருந்தோ துபாயிலிருந்தோ ஃப்ரிட்ஜ் கொண்டுவந்தவர்கள் பிளக்கை மாற்ற வேண்டும்; மின்சாரம் 230 வோல்ட், நம்முடையதுபோலத்தான். கூடவே கம்ப்ரஸரைக் காக்கும் ஃப்ரிட்ஜ் கார்டு ஒன்றையும் வாங்கிவிடுங்கள். லோட் ஷெட்டிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு 2024 மார்ச் கடைசியிலிருந்து பெரிதும் தணிந்துவிட்டாலும் மின்சாரம் போய் வருவது நின்றுவிடவில்லை. திரும்பி வரும் நொடியில் பாயும் அதிக வோல்ட்தான் கம்ப்ரஸரைச் சாகடிக்கும். பீரைப் பற்றிக் கவலை வேண்டாம். குளிர்ந்த 19 லிட்டர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, கதவைத் திறக்காமல் இருந்தால் சரி. குழாய் கேஸில் ஓடுவதால் இருட்டிலும் பீர் வரும்.

முதல் கிளாஸ்

கெக் பக்கியில் ஆடி வந்திருக்கும். ஒரு இரவு முழுக்க அசையாமல் குளிரட்டும். ஃப்ரிட்ஜின் எண்ணை நம்பாமல், ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர் போட்டுக் கெக் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 3, 4 டிகிரி வர வேண்டும். ஊற்றும்போது குழாயை முழுக்கத் திறக்க வேண்டும். பயந்து பாதி திறந்தால் நுரைதான். முதல் அரை கிளாஸ் நுரைத்தால் குழாய் சூடாக இருந்திருக்கிறது. நாலாவது கிளாஸும் நுரைத்தால் கெக் சூடு, இல்லையென்றால் அழுத்தம் கூடுதல்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டியூபையும் குழாயையும் பீர் லைன் கிளீனர் திரவம் ஓட்டிக் கழுவுங்கள். குழாயின் மூக்கை வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில். டர்பன் கோடையில் இதைத் தள்ளிப்போட்டால் பழ ஈ வந்துவிடும்.

கேஸில் ஓடும் கெக், குளிரிலேயே இருந்தால், வடிகட்டாத சின்ன ஆலை பீர் ஆறு வாரமாவது நன்றாக இருக்கும். பெரிய ஆலைகளின் சூடாக்கிப் பதப்படுத்திய பீர் அதைவிட அதிகம். கையால் காற்றடிக்கும் பம்ப் வைத்தால் மறுநாளே முடிந்தது கதை, அது விருந்துக்கு மட்டும். அதனால் கெக் வாங்கும் தேதியைக் காலண்டரோடு வைத்துப் பாருங்கள். டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் புரட்டாசியை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார்கள். கறியும் கிடையாது, மதுவும் கிடையாது. ஊரெல்லாம் பிராய் போடும் ஹெரிடேஜ் டே, செப்டம்பர் 24, புரட்டாசிக்குள்தான் விழும். அன்றைக்கென்று 30 லிட்டர் எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு அங்கிளையும் ஆன்ட்டியையும் கூப்பிட்டால், அவர்கள் பருப்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள், பீர் உங்கள் தலையில். ஆவணியிலேயே ஒன்றைத் திறந்து முடித்துவிட்டு, அடுத்ததைத் தீபாவளிக்குச் சொல்லி வையுங்கள். இடைப்பட்ட மாதத்தில் கெக்கைக் கழற்றி, ரப்பர் வளையங்களை மாற்றி, டியூபைக் காய வைத்துவிடலாம்.